மூணு எடத்துப் பிள்ளையார் சுழி

அக்கா, உங்க போன்ல டவர் காட்டுதுங்களா? காட்டுதா. அப்ப டவர்ல கோளாறு இல்ல. என்ற போன்லயும் ரிங்கு போகுதுங்க்கா, நல்லாத்தான் போகுது, அவ எடுக்கத்தான் மாட்டேங்கறா. காட்டுக்குள்ள ஊடு அவளுக்கு. போனை உள்ள வெச்சுட்டு வெளியில ஏதாச்சும் வேலையா இருப்பாளாட்ட இருக்குது. கரூர்ல ஏறுனதுல இருந்து கூப்பிட்டுட்டேதான் வர்றேன்.

நீங்க பள்ளப்பட்டி வரைக்குமா? நான் அதுக்கு முன்னாடியே, ஆலவலசு பிரிவுல எறங்கிருவேன். அங்கதான் என்ற ஃப்ரெண்டு ஊடு. கோகிலவாணின்னு பேரு, நாங்க வாணின்னு கூப்புடுவோம். யுனிவர்சிட்டியில பிபிஏ படிக்கறோம், மொத வருசத்துல இருந்து ஒரே பெஞ்சு. என்ற பேரு பவதாரணி. இந்த ஆப்பிள் அவங்க ஊட்டுக்குத்தான். வெறுங்கையோட போயி நிக்க முடியுங்களா? அழுதுட்டெல்லாம் இல்லீங்க்கா. காத்து மூஞ்சியில அடிக்குதில்ல, அதான்.

சரி, அழுதேன். உங்ககிட்ட மறைச்சு என்ன ஆகப்போகுது. நீங்க யாரோ நான் யாரோ, எறங்கிப் போனா முடிஞ்சுது.

இன்டர்ன்ஷிப்னா கேள்விப்பட்டிருக்கீங்களா? ஏதாச்சும் ஒரு கம்பெனியில ஆறு வாரம் கூடமாட இருந்து வேலை கத்துக்கோணும். சம்பளம் கெடையாது. ஆனா நாலு கிரெடிட் உண்டு. மார்க்கு மாதிரின்னு வெச்சுக்குங்களேன். அந்த நாலு இல்லீன்னா டிகிரி இல்ல. மத்த எல்லாப் பேப்பர்லயும் ஃபர்ஸ்ட் கிளாஸ் வாங்கியிருந்தாலும் இல்ல. எடத்தை யாரு புடிச்சுக் குடுப்பாங்கன்னு கேக்கறீங்களா? நாமளேதான். துறையில ஒரு லெட்டர் குடுப்பாங்க, இந்த மாணவியைச் சேத்துக்குங்கன்னு. அதைத் தூக்கிட்டு நாமளே கம்பெனி கம்பெனியா ஏறி எறங்கி, மொதலாளி கையெழுத்துப் போட்டு சீல் வெச்ச பேப்பரைக் கொண்டாந்து நீட்டோணும். எனக்கு நாளைக்குச் சாயங்காலம் கடைசி. நாளைக்குங்க்கா. அதை விட்டா அடுத்த வருசம், ஜூனியர் புள்ளைங்களோட.

அடுத்த வருசமெல்லாம் எனக்கு இல்லீங்க்கா. எங்கப்பா மூணு வருசம்னு சொல்லித்தான் காலேஜுக்கு அனுப்புனாரு. நாலாவது வருசம்னு போயி நின்னா, போதும் கண்ணு, ஊட்ல இருன்னுருவாரு. திட்ட மாட்டாரு. திட்டுனாலாவது பதிலுக்கு ஏதாச்சும் பேசலாம். எங்க சித்தி பொண்ணு இப்படித்தான் ஒரு பேப்பர் நின்னு போயி ஊட்ல உக்காந்தா. இன்னிக்கு வரைக்கும் உக்காந்துட்டுத்தான் இருக்கறா, போற வர்றவங்களுக்கு டீ வெச்சுக் குடுத்துட்டு.

நான் முயற்சி பண்ணாம இல்ல. மொதல்ல எல்லாரும் மாதிரி ஆன்லைன்ல சென்னை, பெங்களூருன்னு எழுதி எழுதிப் போட்டேன். ஒரு பதில் வரல. சரி, நம்மூரு கரூர்ல கம்பெனிக்குப் பஞ்சமான்னு எறங்குனேன். பெட்ஷீட் எக்ஸ்போர்ட்டு, கொசுவலை, பஸ் பாடி கட்டற பட்டறைன்னு தெருவுக்கு நாலு இருக்குதில்ல. வெயில்ல நடையா நடந்தேன். ஒரு ஆபீஸ்ல, சம்பளம் வேண்டாமுங்க, சும்மா உக்காந்து பாத்துக்கறேன்னு சொன்னதுதான் தப்பாப் போச்சு. சம்பளம் வேண்டாம்னு ஒருத்தி வந்து நின்னா யாருக்குத்தான் சந்தேகம் வராது? ஜிஎஸ்டி ஆபீஸ்காரங்க வேவு பாக்க அனுப்புன ஆளுன்னு நெனைச்சுட்டாங்க. இன்னொரு எடத்துல, எதுத்த கம்பெனிக்காரன் டிசைனைத் திருட அனுப்புனவன்னாங்க. மோரு குடுத்து மரியாதையாத்தான் வெளிய அனுப்புனாங்க, அது வேற.

கொஞ்சம் மனசு எறங்குனவங்களும் தேதியைக் கேட்டதும் கையை விரிச்சுட்டாங்க. ஆமாங்க்கா, நீங்க கரெக்டா புடிச்சுட்டீங்க. ஆடி. வழக்கமா மே மாசத்துலயே இன்டர்ன்ஷிப் முடிஞ்சிரும். இந்த வருசம் பரீட்சை தள்ளித் தள்ளிப் போயி, ஜூலை நடுவுல ஆரம்பிக்கோணும்னு போட்டுட்டாங்க. பாத்தா ஆடி ஒண்ணாந்தேதி. ஆடியில எவன் புது ஆளை உள்ள விடுவான்? ஆவணி பொறக்கட்டும் கண்ணு, வா, பாத்துக்கலாம்னு எல்லாரும் ஒரே பாட்டு. பதினெட்டாம் பெருக்கன்னிக்கு வேணா வான்னாங்க. அன்னிக்குச் சேந்தா ஆறு வாரத்துக்கு நாள் பத்தாது.

துறைத் தலைவர்கிட்டப் போயிச் சொன்னேன். சார், ஆடி மாசம் யாரும் சேக்க மாட்டேங்கறாங்கன்னு. யுனிவர்சிட்டிக்கு ஆடி மாசமெல்லாம் கெடையாதும்மா, நாமெல்லாம் மேனேஜ்மென்ட் படிக்கறவங்கன்னாரு. அதே மேசை மேல அவரு ஊட்டுக் கிரகப்பிரவேசப் பத்திரிகை இருக்குது. ஊடு கட்டி முடிச்சுப் பூட்டு போட்டு வெச்சிருக்காரு. ஆவணியிலதான் பால் காய்ச்சறாராமா. என்ன சொல்ல. எடுத்துக்கம்மான்னு எனக்கும் ஒண்ணு குடுத்தாரு.

அப்பத்தான் வாணி அந்த யோசனையைச் சொன்னா. ஏன்டி, ஊடு மாறறவங்க ஆடி பொறக்கறதுக்கு முன்னாடியே பாலைக் காய்ச்சி வெச்சுட்டு, சாமானத்தை ஆடியில எடுத்துட்டுப் போறதில்லையா? அந்த மாதிரி நாமளும் ஆனியிலயே ஒரு நல்ல நாள் பாத்துப் போயித் தொடங்கி வெச்சுட்டு வந்துரலாம். அப்ப ஆடியில போறது புதுசாப் போறது ஆகாதில்லன்னா. எனக்கு அவளைக் கட்டிப் புடிச்சுக்கலாமாட்ட இருந்துச்சு. அதைத்தாங்க்கா நான் சொல்றேன். யோசனை அவளுது. இன்னிக்கு எல்லாரும் என்னையத் திட்டறாங்க, யோசனை யாருதுன்னு ஒருத்தரும் கேக்கறதில்ல.

அவ பெரியப்பா பேரு சாமியப்பன். பெட்ஷீட் ஏத்துமதி பண்றாரு, பெரிய கைதான். வாணி அப்பாவுக்கும் அவருக்கும் தோட்டத்துக் கெணத்து வெவகாரத்துல ரொம்ப வருசமாப் பேச்சு இல்ல. நல்லது கெட்டதுக்குக்கூடப் போறதில்ல. வாணி அப்பா போக வேண்டாம்னுதான் சொன்னாராமா. இவ கெஞ்சிக் கூத்தாடி, தனியாப் போயி அவரு ஊட்டு வாசல்ல நின்னிருக்கா. அவரு உருகிப் போயி, நீ எங்க ஊட்டுப் புள்ள, உனக்கில்லாததான்னு சேத்துக்கிட்டாரு. ஒருத்திக்குத்தான் எடம்னாராமா. இவதான், பவதாரணியையும் சேத்துக்கிட்டாத்தான் வருவேன்னு நின்னிருக்கா. அண்ணனும் தம்பியும் அப்பறம் போன்ல பேச ஆரம்பிச்சுட்டாங்க. பாருங்க, எங்க இன்டர்ன்ஷிப்பால ஒரு குடும்பமே சேந்துச்சு.

ஆனி மாசக் கடைசிப் புதன்கெழமை போனோம். பெரியம்மா குத்துவெளக்கை ஏத்தச் சொன்னாங்க. அவ ஒரு திரி, நான் ஒரு திரி. அப்பறம் பெரியப்பா கத்திரியை என்ற கையில குடுத்து, புதுத் துணி ரோல்ல ஓரமா ஒரு வெட்டு வெட்டச் சொன்னாரு. வெட்டுனேன். முடிஞ்சுது கண்ணு, ரெண்டு பேரும் இன்னிக்கே சேந்துட்டீங்க, ஆடி ஒண்ணாந்தேதி வந்தா நேத்து வந்தவங்க இன்னிக்கும் வந்த மாதிரின்னு சிரிச்சாரு. பேப்பர்ல சீலும் வெச்சுக் குடுத்துட்டாரு.

அதோட விட்டிருக்கலாம்தான். நீங்க சொல்றதுக்கு முன்னாடி நானே சொல்லிர்றேன்.

ஆனா யோசிச்சுப் பாருங்க. அது அவ பெரியப்பா கம்பெனி. எனக்கென்ன ஒட்டா ஒறவா? நாளைக்கு அவங்களுக்குள்ள மறுபடியும் கெணத்துச் சண்டை வந்தா மொதல்ல வெளிய போறது யாரு? நான்தானே? அவளுக்காவது ஒறவுன்னு ஒண்ணு இருக்குது. எனக்குப் படுத்தாத் தூக்கம் வரல. கண்ணை மூடுனா எங்க சித்தி பொண்ணு டீ டம்ளரோட வந்து நிக்கறா. ஆடி பொறக்கறதுக்குள்ள நல்ல நாளு இன்னும் ஒண்ணுதான் மிச்சம், வெள்ளிக்கெழமை. எதுக்கும் இருக்கட்டும்னு, ஏற்கெனவே ஆவணியில வான்னு சொல்லியிருந்த ரெண்டு பேருகிட்டப் போனேன். பால் காய்ச்சற யோசனையைச் சொன்னேன். ரெண்டு பேருக்கும் ஒரே சந்தோசம்.

காலையில மயில்சாமி அண்ணன் பட்டறை. பஸ் பாடி கட்டறவரு. இந்தக் காலத்துல இப்படி யோசிக்கற புள்ளையான்னு ஆச்சரியப்பட்டுப் போயிட்டாரு. புதுசா ஒரு சேஸ் வந்து நின்னுச்சு, வெறும் சட்டமும் சக்கரமும். அதுக்கு என்னையச் சந்தனம் குங்குமம் வெக்கச் சொன்னாரு. மொதத் தகட்டுல சாக்பீஸ்ல பிள்ளையார் சுழி போடச் சொன்னாரு. அவரு சம்சாரம் தேங்காய் பழத்தோட ஜாக்கெட் துணி வெச்சுக் குடுத்தாங்க. சாயங்காலம் சண்முகவடிவேல் சார் கொசுவலைக் கம்பெனி. புது மிசினுக்கு நான்தான் சுச்சைப் போட்டேன். ஒரு வலைக்கு ஓரம் தெச்சேன், கோணலாத்தான் வந்துச்சு. பரவால்லன்னு அந்தக் கோணலையே சாமி படத்துக்கிட்ட எடுத்து வெச்சாரு. அந்த ரெண்டு பேப்பர்லயும் சீல் வாங்கிப் பையில வெச்சுக்கிட்டேன்.

நீங்க மட்டும்தான் எனக்குன்னு நான் யாருகிட்டயும் சொல்லலீங்க்கா. வேற எங்கயாச்சும் போறியா கண்ணுன்னு கேட்டாங்க. இல்லீங்கன்னேன். அவ்வளவுதான். ஆன்லைன்ல இருவது எடத்துக்கு எழுதிப் போட்டா அது சாமர்த்தியம்னு எங்க சாரே கிளாஸ்ல சொல்றாரு. நேர்ல மூணு எடத்துக்குப் போனா மட்டும் அது துரோகமா? நீங்களே சொல்லுங்க.

வாணிகிட்ட எதுக்குச் சொல்லிட்டுன்னு விட்டுட்டேன். அவ நேர்வழி பாக்கறவ, சும்மா கெடந்து மனசை ஒழப்பிக்குவா.

ஆடி ஒண்ணாந்தேதி பெரியப்பா கம்பெனிக்குப் போனோம். நல்லாத்தான் போயிட்டு இருந்துச்சு. பேக்கிங்ல நின்னோம், வெளிநாட்டுக்குப் போற பெட்டியில என்னென்ன ஒட்டோணும்னு கத்துக்கிட்டோம். மத்த ரெண்டு எடத்துக்கும் வரலைன்னு சொல்லியிருக்கலாம். ஆனா சொல்லிட்டு, அப்பறம் இங்க ஏதாச்சும் ஆயிட்டா? மயில்சாமி அண்ணன் போன் பண்ணாரு. காய்ச்சல்னேன். ஒடம்பைப் பாத்துக்க கண்ணு, பட்டறை எங்க போயிரப் போகுது, நீ சுழி போட்ட மறுநாளே ஒரு ஸ்கூல்ல இருந்து ரெண்டு பஸ்ஸு ஆர்டர் வந்திருக்குது, கைராசிக்காரப் புள்ளைன்னாரு. அப்படி அவரு சொன்னதும் எனக்குக் கொஞ்சம் சங்கடமாத்தான் இருந்துச்சு. அதையும் சொல்லிர்றேன்.

இந்த மூணு பேரும் தெனமும் காலையில ஒண்ணா வாக்கிங் போயிட்டு ஒரே கடையில டீ குடிக்கறவங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்? மேனேஜ்மென்ட் புக்குல அதெல்லாம் போடறாங்களா? டீ குடிக்கையில மயில்சாமி அண்ணன் பெருமை பேசியிருக்காரு, எங்க பட்டறையில ஒரு புள்ள தொடங்கி வெச்சுது, என்ன ராசி தெரியுமான்னு. சண்முகவடிவேல் சாரும், எங்களுதுலயும் ஒரு புள்ள இப்படித்தான் சுச்சு போட்டுதுன்னிருக்காரு. பெரியப்பா பேரைக் கேட்டிருக்காரு. ரெண்டு பேரும் ஒரே பேரைச் சொல்லியிருக்காங்க.

அவரு கத்தலீங்க்கா. ரெண்டு பேரையும் ஆபீஸ்ல கூப்பிட்டு உக்கார வெச்சு, டீ சொல்லி, டீ வந்தப்பறம்தான் கேட்டாரு. கண்ணு, கொசுவலைக் கம்பெனியிலயும் நீதான் சுச்சு போட்டியாமான்னு. வாணி ஒண்ணும் புரியாம என்னையப் பாக்கறா. அவரு சொன்னாரு, வேலைக்கு வரலைன்னா அது பெரிய குத்தமில்ல, ஆளு வரும் போகும். ஆனா சாமி கும்புட்டுத் தொடங்கி வெச்சவ பாதியில விட்டுட்டுப் போனா அந்த எடம் என்னத்துக்கு ஆகும்? மயில்சாமி பட்டறையில நேத்து வெல்டர் கையைச் சுட்டுக்கிட்டான். அவன் சம்சாரம், தொடங்குன புள்ள வராததுதான் காரணம்னு அழுதுட்டு இருக்குதுன்னாரு. வெல்டர் கிளவுஸ் போடாம பத்த வெச்சா அதுக்கும் நான்தான் காரணமா? ஆனா அதை அப்ப சொல்ல முடியுங்களா?

அப்பறம் அவரு, இது வாணிக்குத் தெரியுமான்னு கேட்டாரு.

வாணிகிட்டக் கேட்டுட்டுத்தானுங்க போனேன்னு சொல்லிட்டேன். வாயில வந்துருச்சுங்க்கா. பயத்துல வந்துருச்சு. அவங்க ஊட்டுப் புள்ளைக்கும் தெரியும்னு சொன்னா கொஞ்சம் எறங்கி வருவாருன்னு நெனைச்சேன். அப்படி ஒண்ணும் பெரிய பொய்யில்ல. கேட்டிருந்தா அவ சரின்னுதான் சொல்லியிருப்பா, அவ எனக்கு எதுக்குமே இல்லைன்னு சொன்னதில்ல. பெரியப்பா அவளைப் பாத்தாரு. அவ என்னையப் பாத்தா. எனக்குத் தெரியாது பெரியப்பான்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல? சொல்லவே இல்ல. தலையைக் குனிஞ்சு டீயைப் பாத்துட்டே இருந்தா. அப்ப அவளுக்கும் சம்மதம்னுதானே அர்த்தம்?

வெளியாளை நான் ஒண்ணும் சொல்றதுக்கில்ல, எங்க ஊட்டுப் புள்ளையே தெரிஞ்சு கூட்டிட்டு வந்திருக்குது, தம்பி என்னைய அசிங்கப்படுத்தத்தான் அனுப்பிச்சானாட்ட இருக்குதுன்னாரு. அன்னிக்கே துறைக்குப் போன் பண்ணி, ரெண்டு பேரையும் எடுத்துக்க முடியாதுன்னுட்டாரு. ஆலவலசுக்கு, வாணி அப்பாகிட்டயும் போன் பண்ணிப் பேசுனாராமா. என்ன பேசுனாருன்னு எனக்குத் தெரியாது.

நானும் வாணியும் பஸ் ஸ்டேண்டு வரைக்கும் ஒண்ணாத்தான் நடந்து வந்தோம். நான் பேசிட்டே வந்தேன், இனி யாரைப் புடிக்கலாம், எங்க போகலாம்னு. அவ ஒண்ணும் பேசல. தலைவலியா இருந்திருக்கும். பஸ்ல ஏறப் போறப்ப மட்டும், எங்கப்பாகிட்ட நீ வந்து சொல்றியான்னு கேட்டா. என்னத்தன்னேன். ஒண்ணுமில்லைன்னு ஏறிப் போயிட்டா.

அதுக்கப்பறம் நான் பட்ட பாடு கொஞ்சமில்ல. மயில்சாமி அண்ணன் காலைத் தொடப் போனேன். அவரு பின்னாடி நகந்துட்டாரு. கோவமில்ல கண்ணு, ஆனா ஊட்ல ஒத்துக்க மாட்டாங்க, அந்தத் தகட்டையே கழட்டி வெச்சுட்டு வேற தகடு போட்டுட்டோம்னாரு. பட்டறைக்கு முன்னாடி பூசணிக்காய் ஒடைச்சுக் கெடந்துச்சு. எனக்காகத்தான் ஒடைச்சிருப்பாங்க போல. அதைத் தாண்டி வர்றப்ப எனக்கு அப்படியே செத்துப் போலாமாட்ட இருந்துச்சு. கொசுவலைக் கம்பெனியில கேட்டுக்குள்ளயே விடல. அந்த ரெண்டு சீலு வெச்ச பேப்பரும் இந்தா பையிலதான் இருக்குது, எதுக்கு? துறையில போன் பண்ணிக் கேட்டா இல்லைன்னுருவாங்க. அப்பறம் எங்கெங்கயோ போனேன். அரிசி ஆலை, நகைக்கடை, ஆஸ்பத்திரி. போற எடமெல்லாம் எனக்கு முன்னாடி என்ற கதை போயி உக்காந்திருக்குது. மூணு எடத்துல பால் காய்ச்சுன புள்ள நீதானான்னு ஒரு பாத்திரக்கடைக்காரர் கேட்டுட்டுச் சிரிச்சாரு. சிரிக்கட்டும். சிரிச்சுட்டாவது சேத்துக்கலாமில்ல?

நேத்துத் துறைத் தலைவர், நாளன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள புதுப் பேப்பர் வந்தா, போன நாளையும் கணக்குல எடுத்துக்கறேன், இல்லீன்னா நான் ஒண்ணும் பண்ண முடியாதுன்னுட்டாரு. அப்பத்தான் கிளாஸ்ல ஒருத்தி சொன்னா, வாணி வேற எடம் புடிச்சுட்டாளாமான்னு. அவங்க ஊருக்குப் பக்கத்துலயே ஜபருல்லா பாய்னு ஒருத்தர் முருங்கை எலையைக் காய வெச்சுப் பொடி பண்ணி வெளிநாட்டுக்கு அனுப்பறாராமா. பாய்க்கு ஆடியும் கெடையாது ஆவணியும் கெடையாது. இது எனக்கு ஏன் தோணல பாருங்க. வாணி எப்பவுமே கெட்டிக்காரி. ஒரு வார்த்தை எனக்கும் சொல்லியிருக்கலாம், மறந்திருப்பா.

அந்தப் புள்ள இன்னொண்ணும் சொன்னா. வாணியை அவங்கப்பா இனிமே காலேஜுக்கே அனுப்ப மாட்டேன்னுட்டாராமா, அண்ணன் முன்னாடி என்ற மானத்தை வாங்கிட்டியேன்னு ஊட்ல ஒரே சண்டையாமா. இந்தப் புள்ளைங்க சும்மா எதையாச்சும் கெளப்பி விடுவாங்க. ஒரு வாரமா அவ காலேஜ் பக்கம் வராதது நெசந்தான். காய்ச்சலா இருக்கும், ஊரெல்லாம் காய்ச்சல்தானே. அவங்கப்பா நல்ல மனுசன். நான் போனா இருந்து சாப்பிட்டுப் போ கண்ணும்பாரு.

அக்கா, ஒரு உபகாரம். உங்க போனை ஒரே ஒரு தடவை குடுக்கறீங்களா? என்ற போன்லதான் ஏதோ ஆகிப் போச்சு. நம்பரு நான் சொல்றேன், நீங்களே போட்டுக் குடுங்க. ரிங்கு போகுதுங்களா? குடுங்க, குடுங்க.

ஹலோ. வாணி, நான்தான்டி, பவா. வெச்சராத. வெச்சராதடி, ப்ளீஸ், ஒரே நிமிசம். உங்க ஊட்டுக்குத்தான் வந்துட்டு இருக்கேன். பஸ்ல. ஆமா, தனியாத்தான். உனக்கே தெரியும், நாளைக்குக் கடைசி. பாய்கிட்ட எனக்கும் சேத்து ஒரு வார்த்தை. ம். ம். ஒருத்தருக்குத்தானா? ம். என்னது? நெசமாவா? நெசமாவாடி சொல்றே? ம். சரி. சரி. ஸ்டாப்பிங்லயா? சரி, எறங்கிர்றேன். வாணி, நீ இருக்கியே. ஹலோ. ஹலோ.

வெச்சுட்டா. இந்தாங்க்கா போனு. பாத்தீங்களா, மொத ரிங்குலயே எடுத்துட்டா. நான் சொன்னனில்ல, என்ற போன்லதான் கோளாறுன்னு.

கெடைச்சிருச்சுங்க்கா. எனக்குக் கெடைச்சிருச்சு. பாய் ஒருத்தரைத்தான் எடுத்துக்குவாராம், அது அவ பேருலதான் இருந்துச்சாம். எனக்கு இனி வேண்டாம், நீயே எடுத்துக்க, பாய்கிட்டச் சொல்லிட்டேன், உன் பேரைப் போட்டு சீல் வெச்சுத் தருவாருன்னா. எங்கூட்டுக்கு மட்டும் வராத, ஸ்டாப்பிங்லயே நில்லு, பாய் பையன் வண்டியில வந்து கூட்டிட்டுப் போவான்னா. நான் என்னமோ கெஞ்சோணும், அழுகோணும்னு எல்லாம் யோசிச்சு வெச்சுட்டு வந்தேன். ஒண்ணுமே தேவைப்படல. அப்படியே தூக்கிக் குடுத்துட்டா. அப்பா, உசுரு வந்துச்சு. எங்கப்பாகிட்டச் சொல்லோணும். இல்ல, மொதல்ல சீலு விழட்டும்.

குரல்தான் ஒரு மாதிரி இருந்துச்சு. சளி புடிச்சிருக்கும்.

என்னங்க்கா? அவளுக்கு எதுக்கு இனி வேண்டாமா? அவளுக்கு, அவளுக்கு வேற ஏதாச்சும் பாத்து வெச்சிருப்பா. பெரிய எடமா இருக்கும். பெரியப்பாகூடச் சமாதானம் ஆயிருக்கலாம். இல்லீங்க, அவ அப்படிச் சொல்லல. இல்ல, காலேஜ் பத்தியும் ஒண்ணும் சொல்லல. இனி வேண்டாம்னா, அவ்வளவுதான். நான் ஏன் கேக்கலைன்னா? ஏங்க்கா இப்படிப் பாக்கறீங்க. நீங்க என்னைய இப்பத்தான் பாக்கறீங்க, என்னையப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்?

கண்டக்டரண்ணா, ஆலவலசு பிரிவு, நிறுத்துங்க.

கேக்கலாம்னு வாய் வரைக்கும் வந்துச்சுங்க்கா, வராம இல்ல. கேட்டா அவ சொல்லிருவா, அவளுக்குப் பொய் சொல்ல வராது. அவ சொல்லிட்டான்னா அப்பறம் நான் இங்க எப்படி எறங்கறது?